கல் காயும் நேரம்

அக்கா,

இன்று காலை மழை பெய்தது. பட்டறைக் கதவைத் திறந்ததும் சுவரிலிருந்து ஏலக்காய் வாசம் வந்து மூக்கில் ஏறியது. நம் பட்டறை ஒரு காலத்தில் ஏலக்காயைக் காயவைத்துத் தரம் பிரிக்கும் ஸ்டோராக இருந்ததை வெயில் நாட்களில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கல்தூசியும் தண்ணீரும் கலந்த சேற்று நெடிதான் இருக்கும். ஈரம் ஏறினால் மட்டும் சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளிருந்து பழைய வாசம் கிளம்பிவிடுகிறது. நீங்கள் வேலைக்கு வந்த வருடத்து முதல் மழையன்று இதே இடத்தில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ரெண்டாந்தரக் காயி இன்சினியரம்மா. மொதத் தரத்த இம்புட்டு நாளு யாரு உள்ள போட்டு வச்சிருப்பா?" என்றீர்கள். செல்வம் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப் போட்டுவிட்டேன். இன்று இந்த வாசம் என்னை உட்கார வைத்துவிட்டது.

பெங்களூரில் பத்து வருடம் கட்டட வரைபடம் போட்டுவிட்டு ஊர் திரும்பி, ராசிங்காபுரம் போகும் சாலையில் இந்த ஸ்டோரை நான் வாடகைக்கு எடுத்தபோது, "கல்லுச் செதுக்க ரோபோவா?" என்று கேட்காதவர் போடியில் இல்லை. கார் ஆலையில் வெல்டிங் வேலை செய்து ஓய்ந்துபோன ஓர் இரும்புக் கைதான் எங்கள் ரோபோ. அதன் முனையில் வைரத்தூள் பதித்த சுழல் உளியைப் பூட்டினோம். கணினியில் நான் வரைந்ததை அது கருங்கல்லில் அப்படியே செதுக்கும். போடிமெட்டு ஏற்றத்தில் நின்றுபோகும் ஜீப்புகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த செல்வம் அண்ணனை அதற்குப் பொறுப்பாகப் போட்டேன். மூன்றே மாதத்தில் அந்தக் கையின் இருமல் தும்மல் எல்லாம் அவருக்குப் பழகிவிட்டது.

கையால் தொல்லை இல்லை. கண்ணால்தான் தொல்லை. நான்கு நாள் செதுக்கிய பிறகு உள்ளே ஒளிந்திருந்த விரிசல் திறந்து, கல் இரண்டாகிவிடும். அதற்காகக் கல்லைப் படமெடுத்துக் குறைகளைத் தானே கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை வாங்கினேன். அது எங்கோ வெளிநாட்டுச் சலவைக்கல்லைப் பார்த்துப் பழகியது. நம் ஊர்க் கல்லின் இயல்பான வரிகளை எல்லாம் விரிசல் என்று சிவப்புக் கட்டம் போட்டது. நிஜமான விரிசலுக்குப் பச்சைக் கட்டம் போட்டது. நம் கல்லின் படங்களில் குறை எங்கே என்று ஆயிரக்கணக்கில் யாராவது குறித்துக் காட்டினால்தான் அது திருந்தும். கல்லூரி முடித்த இரண்டு பேர் வந்து, கண் எரிகிறது என்று நான்கு நாளில் நின்றுவிட்டார்கள்.

நீங்கள் வந்தது சேறு தள்ளுவதற்கு. ஒரு மத்தியானம் நான் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் துடைப்பச் சத்தம் நின்றது.

"அந்தா, மேல ஓரத்துல ஒரு நரம்பு ஓடுதுல்ல?"

"எங்கக்கா?"

நீங்கள் சேற்று விரலாலேயே திரையைத் தொட்டுக் காட்டினீர்கள். இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைமுடி கனத்தில் ஒரு கோடு இருந்தது. மென்பொருள் அதைத் தாண்டிப் போயிருந்தது. நானும்தான்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பத்தொம்பது வருசம் ஸ்டோர்ல ஏலக்காய் பொறுக்குனவ நானு. வெடிச்ச காயி, பூச்சி அடிச்ச காயி எல்லாம் தேட வேண்டாம், தானா கண்ணுல வந்து விழும். பெறகு மொதலாளி கேமரா மிசினு வாங்குனாரு. அது ஒவ்வொரு காயா படம் புடிச்சு, வேண்டாததக் காத்தால ஊதித் தள்ளீருது. நாங்க பதினாலு பேரும் வீட்டுக்கு வந்துட்டோம்." பிறகு மேலே குழாயில் தொங்கிய எங்கள் கேமராவை நிமிர்ந்து பார்த்தீர்கள். "இதும் அதுக்குச் சொந்தமா?"

"ஒரே குடும்பந்தான்க்கா."

"இருக்கட்டும். ஆனா கண்ணுன்னு ஒண்ணு இருந்தா கழுவணும். கண்ணாடில சேறு ஒட்டிருக்கு பாருங்க."

ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், ஒட்டித்தான் இருந்தது.

மறுநாளே உங்களைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொன்னேன். நீங்கள் உட்காரவில்லை. "இதுக்கு நான் கத்துக் குடுத்துட்டா, பெறகு என்னையும் அனுப்பீருவீகளா?" என்று கேட்டீர்கள். "அய்யோ, இல்லக்கா" என்று அவசரமாகச் சொன்னேன். "வெரசா சொல்லாதீக. யோசிச்சுச் சொல்லுங்க" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

யோசித்தேன். ஒரு வாரம் யோசித்தேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் நியாயமான பதில் அதுவரை இல்லை. கடைசியில் வந்து சொன்னேன்: படம் என்ன சொன்னாலும் சரி, நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு கல்லும் இந்த வாசலைத் தாண்டாது. நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

மென்பொருளில் குறைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. உங்களுக்கு அது தோதுப்படவில்லை. நீளமாக ஓடும் விரிசலுக்கு நரம்பு என்று பெயர் வைத்தீர்கள். குத்தாக இறங்குவதற்கு ஊசி. வெளுத்து, பொடிந்துபோகும் இடத்துக்குத் தேமல். கறுப்புப் புள்ளிக்கு மச்சம். "அது ஒண்ணுஞ் செய்யாது, அழகுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றீர்கள். நான் ஆங்கிலத்தை அழித்துவிட்டு உங்கள் பெயர்களை ஏற்றினேன். எட்டு மாதத்தில் அந்தக் கேமரா நம் ஊர்க் கல்லை ஓரளவுக்குப் பார்க்கப் பழகியது.

அந்தச் சமயத்தில்தான் ஏலக்காய் வியாபாரக் குடும்பம் ஒன்று நம்மிடம் வந்தது. காலை இருட்டோடு மலையேறப் போகும் தோட்டத் தொழிலாளிகள் அடிவாரத்தில் மழையிலும் பனியிலும் நின்றுகொண்டுதான் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் உட்கார, அந்தக் குடும்பத்தார் தங்கள் தகப்பனார் நினைவாக ஒரு நிழற்கூடம் கட்டித்தர நினைத்தார்கள். மூன்று கல் வளைவுகள், அவற்றின் மேல் பலகைக்கல் கூரை. கல்லும் கல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி வரைந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் சாய்வு வேறு; இரும்புக் கை இல்லாமல் அதை நான் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். அலங்காரத்துக்கு ஏலச்செடி வேண்டும் என்றார்கள். கணினியையே வரையச் சொன்னேன். உயரமான இலைகள், உச்சியில் கொத்துக் கொத்தாகப் பூ. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நீங்கள் திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டீர்கள். "ஏலம் என்னைக்கு இன்சினியரம்மா தலையில பூத்துச்சு? அது அடித்தூருல, தரையோட தரையாத்தான பூக்கும்?"

போடியில் பிறந்து வளர்ந்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் அந்த நிழற்கூடத்தில் பூக்கள் எல்லாம் வளைவின் காலடியில், தரையை ஒட்டிக் கிடக்கின்றன. அம்மாமாரோடு வரும் குழந்தைகள் அங்கே உட்கார்ந்து பூவின் உதட்டைத் தடவிக்கொண்டிருக்கின்றன.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நடு வளைவின் உச்சிக் கல்லை ஐந்து நாள் செதுக்கி முடித்திருந்தோம். தை பிறந்ததும் திறப்பு என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. கல்லை ஏற்ற லாரி வாசலில் நின்றது. நீங்கள் கல்லைச் சுற்றி வந்தீர்கள், உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள், சின்னச் சுத்தியலால் தட்டினீர்கள்.

"இது வேணாம். ஒரு பக்கம் சத்தம் அடஞ்சு கேக்குது."

"படத்துல ஒண்ணும் இல்லையேக்கா."

"தண்ணிய ஊத்திக் காய விடுங்க. காயும்போது பாப்போம். ஏலக்காயும் அப்படித்தான், பச்சையில எல்லாக் காயும் நல்லாருக்கும். காயும்போதுதான் அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். என் கைப்பேசியில் வியாபாரியின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. இன்னொரு கல் தேடி, செதுக்கி முடிக்க இரண்டு வாரமாவது ஆகும். அந்த நேரத்தில்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ஒங்களுக்கு என்னக்கா தெரியும்? மூணு தடவ படம் எடுத்தாச்சு. மூணு தடவையும் பச்சைதான் காட்டுது."

செல்வம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் சுத்தியலை மேசைமேல் வைத்தீர்கள். "சரிங்கம்மா" என்றீர்கள். இன்சினியரம்மா போய் வெறும் அம்மா ஆகிவிட்டேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டீர்கள்.

லாரியை அனுப்பியிருப்பேன். அனுப்பாததற்குக் காரணம் செல்வம் அண்ணன். கல்லைத் தூக்கக் கிரேன் பொத்தானை அழுத்தச் சொன்னேன்; அவர் அசையவில்லை. "அக்கா சரி சொல்லலயே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத ஜீப்பை எடுக்க மாட்டேன் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் நீங்கள் வரவில்லை. மத்தியானம் கல்லை முற்றத்து வெயிலில் வைத்து, நானே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் மேல்பகுதி வெளுத்தது. எனக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. இருபது நிமிடத்தில் விளிம்புகள் காய்ந்தன. கல் முழுவதும் சாம்பல் நிறமான பிறகும் ஒரே ஒரு கறுப்பு இழை மட்டும் காயாமல் நின்றது. இடது ஓரத்தில் தொடங்கி, குறுக்கே, நீங்கள் உள்ளங்கை வைத்த இடம் வழியாக அது போயிற்று. விரிசல் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. காய்ந்த கல்லைப் படமெடுத்த கேமராவுக்கு அது எப்படித் தெரியும்?

செல்வம் அண்ணன் ஆப்பு வைத்து இரண்டு அடி அடித்தார். கல் அந்த இழையோடு விண்டது. உள்ளே துருநிறம். எத்தனையோ காலமாக நீர் இறங்கிய தடம். அந்தக் கல் எத்தனை தலைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டியது என்று எண்ணிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"கல்லு ஒடஞ்சிருச்சாக்கும்?"

"நாங்கதான் ஒடச்சோம். நீங்க சொன்ன எடத்துலயே விண்டுச்சு. மன்னிச்சிருங்கக்கா."

பரவாயில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. "எனக்கு என்ன வாக்குக் குடுத்தீக?" என்று கேட்டீர்கள்.

"நீங்க சரி சொல்லாம கல்லு வாசலத் தாண்டாதுன்னு."

"அப்பறம்?"

அப்போதுதான் உங்கள் மகள் தோட்ட வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கி வந்தாள். தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். காலையில் எங்கே ஜீப் ஏறுகிறாள் என்று பேச்சுக்குக் கேட்டேன். "அடிவாரத்துலதான்க்கா. புதுசா கல்லுக் கட்டடம் வருதுல்ல, அங்கனதான் நிப்போம்" என்றாள்.

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். "இத ஏன்க்கா நேத்துச் சொல்லல?"

"சொல்லிருந்தா, மகளுக்காகப் பயப்படுறான்னு நெனச்சிருப்பீக. நான் கல்லப் பாத்துச் சொன்னேன். அதுக்காகத்தான் என்னைய நம்பணும்."

அக்கா, படிப்பும் பட்டமும் பெங்களூரும் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை அன்று உங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன். நீங்கள் அதைச் சொல்லித் தரும் நோக்கத்தில் சொல்லவில்லை. உங்களுக்கு வலித்தது, சொன்னீர்கள். பிறகு மகளிடம், "இன்சினியரம்மாவுக்குக் காப்பி போடு" என்றீர்கள். பழைய பெயர் திரும்பி வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் வியாபாரியிடம் போய்த் திறப்பைத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்களும் வந்தீர்கள். அவர் முகம் சுருங்கியது. "பத்திரிக குடுத்தாச்சேம்மா. யாரு சொல்லித் தள்ளி வைக்கிறீக?" என்றார். மென்பொருள் என்று சொல்லியிருக்கலாம், எளிதில் நம்பியிருப்பார். நான் உங்களைக் காட்டினேன். அவர் உங்களை உற்றுப் பார்த்தார். "நம்ம ஸ்டோர்ல இருந்த புள்ளையில்ல?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதோட கண்ணு எனக்குத் தெரியும். இது வேணாம்னா வேணாந்தான். தை இல்லாட்டி மாசி."

இருவரும் வெளியே வந்தோம். தெருமுனை வந்ததும், "கண்ணு தெரியுமாம்ல! தெரிஞ்சவரு அன்னைக்கு ஏன் வீட்டுக்கு அனுப்புனாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் பார்க்காதது போல நடந்தேன்.

அதற்குப் பிறகு நம் கேமரா வேலை செய்யும் விதமே மாறிவிட்டது. கல்லை நனைத்து, அது காயும் அரைமணி நேரமும் நிமிடத்துக்கு ஒரு படம். எந்த இடம் கடைசியாகக் காய்கிறது என்று மென்பொருள் பார்க்கிறது. நீங்கள் உட்கார்ந்து அந்தப் படவரிசைகளைக் குறித்தீர்கள். "இப்பத்தான் இதுக்குப் பாக்கத் தெரியுது" என்று நீங்கள் ஒருநாள் சொன்னபோது, விருது வாங்கியதுபோல் இருந்தது எனக்கு. கேமரா தேறிய பிறகும் உங்கள் நாற்காலி அங்கேயேதான் இருந்தது. அந்த வாக்கை இரண்டாம் முறை நான் மீறவில்லை.

மாசியில் வளைவு ஏறியது. புது உச்சிக் கல்லை இறக்கி வைத்துவிட்டு, அடியில் தாங்கி நின்ற இரும்புச் சாரத்தைத் திருகு திருகாகத் தளர்த்தினோம். கற்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தபோது 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். சாரத்தை எடுத்த பிறகும் யாரும் உள்ளே போகவில்லை. கணக்கெல்லாம் போட்டவள் நானே போகவில்லை. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு நேராக நடு வளைவுக்கு அடியில் போய் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தீர்கள். "வாங்க, சோறு ஆறுது" என்று கூப்பிட்டீர்கள். புளிச்சோறும் வறுத்த வத்தலும். நாம் இருவரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "கல்ல வெறிக்காதீக, சோத்தப் பாத்துச் சாப்பிடுங்க" என்று அதட்டினீர்கள்.

அடுத்த வருடம் உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் ரயிலில் வரும்போதெல்லாம் நீங்கள் நோயைப் பற்றிப் பேச விடவில்லை. கைப்பேசியில் கல்படம் அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தீர்கள். "சும்மா கெடந்தா கண்ணு மங்கிரும்" என்றீர்கள். கடைசியாக நான் வந்த அன்று உங்களால் கைப்பேசியைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல கல்லு" என்றீர்கள். அந்தக் கல் இப்போது ஒரு பள்ளிக்கூடத்து வாசற்படியாகக் கிடக்கிறது. அதன்மேல் ஏறும்போது நான் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். பார்ப்பவர்கள் சாமி கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மகளைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கு மலதான்க்கா பிடிக்கும். நாலு சுவத்துக்குள்ள இருக்க முடியாது" என்றாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

போன மாதம் நிழற்கூடத்தின் இணைப்புகளைச் சோதிக்க விடியற்காலையில் போனேன். சாரல் அடித்தது. இருபது இருபத்தைந்து பேர் உள்ளே நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மகள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். பக்கத்திலிருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு இவுக?" என்று அவளிடம் கேட்டாள்.

நான் இந்த நிழற்கூடத்தை வரைந்தவள். கற்களைச் செதுக்கிய பட்டறைக்குச் சொந்தக்காரி. உங்களுக்குச் சம்பளம் கொடுத்தவள். இதில் எதையாவது அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எங்கம்மாகூட வேல பாத்தவுக" என்றாள்.

அந்தப் பெண் உடனே முகம் மலர்ந்து, தன் பையிலிருந்த பணியாரத்தில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். ஜீப்பு வந்தது, எல்லோரும் ஏறிப் போனார்கள். நான் மட்டும் அங்கே உட்கார்ந்து அதைத் தின்றேன். என் பெயருக்குப் பின்னால் நான் எத்தனையோ எழுத்துகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன், அக்கா. உங்கள் மகள் அன்று சொன்னதைப் போல எதுவும் எனக்குப் பொருந்தியதில்லை.

உங்களோடு வேலை பார்த்தவள்.